மேடம் விடுப்பில் இருக்கிறார்

கோழி நடுவில் நிற்காவிட்டால் அந்த வீட்டில் உப்புகூடக் கேட்க முடியாது. ஒன்பது மாதமாக நிலைமை அதுதான். புருஷன் பேக்கரியில் மாவு பிசைகிறவர். மனைவி பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறவள். இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, காது இருக்கிறது, புத்திதான் கொஞ்சம் முன்னே பின்னே. ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசுவதில்லை. எதுவானாலும் கோழியிடம் சொல்வார்கள்.

“மேடம், சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு சொல்லுங்க” என்பாள் அவள்.

“மேடம், கை கழுவிட்டு வர்றேன்னு சொல்லுங்க” என்பார் அவர்.

மேடம் என்பது கோழியின் பெயர். பழுப்பு நிறம், கனத்த உடம்பு, எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பப்போகிற அதிகாரியின் பார்வை. கட்டிய மனைவியை இருபத்தாறு வருஷமாக ‘வா, போ’ என்று பேசிவந்த பேக்கரிக்காரர், இந்தக் கோழிக்கு மட்டும் ‘ங்க’ போடாமல் பேச மாட்டார்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்றால், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு நாள் மதியம் மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சல் இன்னும் காதில் இருக்க, அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். அன்று அவளுக்கு விடுமுறை. சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“நாள் பூரா மைக்குல பேசற. வீட்டுலயாவது கொஞ்சம் பேசாம இரேன்” என்றார்.

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். “சரி” என்றாள். அதுதான் கடைசி வார்த்தை.

சாயங்காலம் பேசிவிடுவாள் என்று நினைத்தார். மறுநாள் பேசிவிடுவாள் என்று நினைத்தார். குழாய் மட்டும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நேராகப் போய் ‘தப்பா சொல்லிட்டேன்’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லிப் பழகாத வாக்கியம் அது, வாயில் வரவில்லை.

முதல் இரண்டு மாதம் மகள் தூது போனாள். வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பும் நாளில், தான் ஆசையாக வளர்த்த கோழியைத் தூக்கிவந்து சமையலறை நடுவில் விட்டாள். “நான் என்ன போஸ்ட்மேனா? இனிமே எதுன்னாலும் மேடத்துகிட்ட சொல்லிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். அவள் வெறுத்துப்போய்ச் சொன்னது. இவர்கள் இரண்டு பேரும் அதை ஏற்பாடாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதையும் அவர் பார்த்துவிட்டார். ஆரம்பத்தில் ஒரு நாள் ‘பின்கதவைச் சாத்தவும்’ என்று சீட்டு எழுதி வைத்தார். கையில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் உரக்க வாசிப்பது அவளுடைய தொழில். அந்தச் சீட்டை எடுத்து, தொண்டையைச் செருமி, சுவரைப் பார்த்து அறிவிப்புக் குரலில் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கசக்கிக் குப்பையில் போட்டாள். அதற்குப் பிறகு அவர் பேனாவைத் தொடவில்லை.

கோழிக்கும் சட்டதிட்டங்கள் உருவாகிவிட்டன. கோழி இரண்டு பேருக்கும் நடுவில் இருக்க வேண்டும். விழித்திருக்க வேண்டும். அது தீனி பொறுக்கும்போது சொன்ன செய்தி செல்லாது. இப்படி ஒரு குடும்பம் ஒன்பது மாதம் ஓடியது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஓடியது.

பேக்கரிக்காரருக்கு ஒரு ரகசியம் இருந்தது. ஒன்றரை மணிக்கு வேலை முடிந்ததும் அவர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. பஸ் நிலையத்துக்குப் போய் மூன்றாவது நடைமேடையில் உடைந்த எடைபார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெஞ்சில் உட்காருவார். இரண்டு மணியிலிருந்து இரண்டரை மணி வரைக்கும். மேலே ஒலிபெருக்கியில் அவள் குரல் வரும். எந்த ஊர் பஸ் எங்கே நிற்கிறது, எது தாமதம் என்று சொல்லும். அவர் எந்த ஊருக்கும் போகப் போவதில்லை. வீட்டில் கேட்காத குரலை அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவ்வளவு ஏங்கிப்போயிருந்தார் மனிதர். எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்வதுதான் நிலையத்தின் வழக்கம். ஆனால் அந்த நேரத்தில் மட்டும் அவள் மூன்று தடவை சொன்னாள். “போதும்மா, புரிஞ்சுபோச்சு” என்று பயணிகள் அலுத்துக்கொள்வார்கள். மதியத்துக்கென்று புது விதி வந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு மேடம் வேலையில் இருக்கும்போதே மயங்கிச் சாய்ந்தது.

“மேடம், நாளைக்குத் தண்ணி வராதாம், அதனால—” என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். கோழி இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தது, கழுத்தைப் பாம்பு மாதிரி முறுக்கியது, மேஜைக் காலில் சாய்ந்து நின்றது. அவள் அதைத் தூக்கிக் கழுத்துக்குக் கீழே தடவினாள். தின்றதையெல்லாம் கோழி முதலில் சேர்த்துவைக்கும் தீனிப்பை அங்கேதான் இருக்கிறது. அது ஒரு பந்து அளவுக்கு உப்பியிருந்தது. கோழி வாயைத் திறந்தது. ஒரு வாடை வந்தது.

அந்த வாடையை இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பேக்கரிக்காரருக்குத் தெரியும். புளித்துப் பொங்கிய ஈஸ்ட். அவருடைய கையால் கலந்த மாவு. மதியம் ஏப்ரனைத் துவைக்காமல் நாற்காலியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனது ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தார். ஏப்ரன் பையில் கிடந்த மாவு உருண்டை இல்லை. இரும்புத் தட்டில் ஒன்றுக்கு இரண்டாக எழும்புகிற மாவு, கோழியின் கழுத்துக்குள்ளே போய் எழும்பிக்கொண்டிருந்தது.

நான்தான் காரணம் என்று சொல்லிவிட வேண்டும். யாரிடம் சொல்வது? மேடத்திடம் சொல்லித்தான் சொல்ல வேண்டும். மேடமோ கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவர் பேக்கரியில் இருக்கும்போது மனைவி கோழியைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். இது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரிந்தால் போதும். டாக்டர் கழுத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு நான்கு விஷயம் சொன்னார். ஒன்றரை நாள் பட்டினி, வெறும் தண்ணீர்தான். நாலு சொட்டு எண்ணெய். மூன்று வேளை மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். தனியாக, இருட்டாக, தொந்தரவில்லாமல் வைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் பை காலியாக இருந்தால் பிழைத்தது என்று அர்த்தம். அவள் கோழியைக் குளியலறையில் ஒரு வாளிக்குப் பின்னால் துணி விரித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நோயாளியை எழுப்பி, இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்தி, வேலை வாங்குவது எப்படி நியாயமாகும்? மேடம் மருத்துவ விடுப்பில் இருக்கிறார். விடுப்பில் இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது இரண்டு பேருக்குமே ஊறிப்போன பழக்கம். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் ஒரு சொல்கூட அசையவில்லை.

இப்போது பேக்கரிக்காரர் பக்கத்துக்கு வருவோம். செவ்வாய் மதியம் அவர் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் திறந்தார். இருட்டில் கோழி. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். தீனிக் கிண்ணம் இல்லை. என்மேல் கோபம் இருக்கட்டும், வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிற அளவுக்கா கோபம்? பேக்கரியிலிருந்து கொண்டுவந்த பன்னைத் தண்ணீரில் ஊறவைத்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, அலகைத் திறந்து ஊட்டினார். அது விழுங்கியது. பாவம், எவ்வளவு பசி என்று நினைத்தார். அப்புறம் கழுத்தைப் பிசைந்துவிட்டார். பிசைவது அவருக்குக் கைவந்த கலை. எண்ணெயும் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு இறங்குமே என்று அரைக் கரண்டி எண்ணெய் ஊற்றினார்.

புதன் காலையில் மனைவி தொட்டுப் பார்த்தாள். பை கல்லு மாதிரி இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தாள். “நேத்திலேர்ந்து ஒண்ணுமே குடுக்கலையா? அப்புறம் எப்படி நிறையும்?” என்று டாக்டர் குழம்பினார். “கிட்டக்க கிடக்கற எதையாவது கொத்துதான்னு பாருங்க” என்றார்.

அவள் குளியலறையைச் சுற்றிப் பார்த்தாள். சோப்பில் ஒரு ஓரம் தேய்ந்திருந்தது. சோப்பை எடுத்து ஒளித்துவைத்தாள். பல் விளக்கும் பிரஷ், உடம்பு தேய்க்கும் நார், கால் துடைக்கும் மிதியடி எல்லாவற்றையும் எடுத்தாள். மதியம் வந்த பேக்கரிக்காரர் வெறும் சுவரைப் பார்த்துத் திகைத்தார். கோழி, தண்ணீர்க் கிண்ணம், ஒரு வாளி. தன் பிரஷ்கூட இல்லை. சரி, என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாள், வாயால் சொல்லாமல் சாமான்களால் சொல்கிறாள் என்று முடிவுகட்டினார். கண் கலங்கிக்கொண்டே இரண்டு பன் ஊட்டினார்.

ஆக, ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு ஆறு வேளைப் பிசைதல். அவர் இல்லாத நேரத்தில் மூன்று அவள், அவள் இல்லாத நேரத்தில் மூன்று அவர். எண்ணெய் இரண்டு பங்கு. கையில் பிடித்தால் வழுக்கிக் கீழே விழுகிற அளவுக்கு மேடம் பளபளவென்று ஆகிவிட்டது. அவள் வைத்திருந்த பட்டினியை அவர் முறித்தார், அவர் ஊட்டிய தீனியை அவள் கரைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒருவர் கையை ஒருவர் அறியாமல் அந்தக் கோழியைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

வியாழன் மதியம் கோழி கண்ணைத் திறக்கவில்லை. கொண்டை வெளுத்துக் கிடந்தது. பேக்கரிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது போய்விட்டால் அந்த வீட்டில் என்ன மிச்சம்? சாப்பாடு எடுத்து வைத்தாச்சு என்று யார் சொல்வார்கள்? பெஞ்சில் உட்கார்ந்து, தான் போகாத ஊர்களின் பெயர்களை அவள் குரலில் கேட்பது மட்டும்தான் மிச்சம். பயந்துபோய், ரொட்டி அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, கோழியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, டாக்டரிடம் போக ஓடினார். டாக்டர் இருக்கும் இடத்துக்கு இரண்டு நாற்பது பஸ், மூன்றாவது நடைமேடை.

வழக்கமான பெஞ்சிலேயே உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து கோழியை மடியில் எடுத்து வைத்தார். அது லேசாக ஒரு கண்ணைத் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பன்னை எடுத்து, பாட்டில் தண்ணீரில் நனைத்து, ஒரு உருண்டை உருட்டினார்.

மேலே ஒலிபெருக்கி வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தது. “பயணிகளின் கவனத்திற்கு. ஐந்தாவது நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பேருந்து—” என்றது. நின்றது. கரகரவென்று ஒரு மூச்சு. பிறகு அதே அறிவிப்புக் குரலில்:

“மூன்றாவது நடைமேடையில் கோழியுடன் அமர்ந்திருக்கும் பயணியின் கவனத்திற்கு. அந்தக் கோழிக்கு எந்த உணவும் வழங்கக் கூடாது.”

வழக்கப்படி இரண்டாவது தடவையும் சொன்னது. பஸ் நிலையம் முழுக்கத் தலை திரும்பியது. பேக்கரிக்காரர் உருண்டையும் கையுமாக உறைந்துபோனார். மாடியில் கண்ணாடி அறை, அதற்குள் மைக்கைப் பிடித்து எழுந்து நிற்கும் அவள். நேராகத் தன்னிடம் பேசுகிறாள் என்பதே அவர் புத்தியில் ஏறவில்லை. பழக்கதோஷம், மடியில் இருந்த கோழியைக் குனிந்து பார்த்தார்.

“மேடம், ஏன்னு கேளுங்க” என்றார்.

பக்கத்தில் நின்ற கண்டக்டர் டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “யோவ், கோழி எப்படிய்யா கேக்கும்? அவங்க உங்களைத்தான் சொல்றாங்க. மேல பாத்துப் பேசுங்க.”

“நேராவா?”

“பின்ன, சுத்தியா?”

பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். “ஏன் குடுக்கக் கூடாது?” என்று கத்தினார்.

ஒலிபெருக்கி அறிவிப்புக் குரலை மறந்துவிட்டது. “மூணு நாளா நீங்கதான் ஊட்டறீங்களா?”

அவர் தலையாட்டினார். பன்னை உயரத் தூக்கிக் காட்டினார். அந்தப் பன்னைப் பார்த்துக் கண்ணாடி அறைக்குள் அவள் தலையில் கை வைத்துக்கொண்டதை நிலையமே பார்த்தது.

“டாக்டர் பட்டினி போடச் சொன்னாரு. சோப்பைத் தின்னுதோன்னு சோப்பையெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சேன். ஆமா, நீங்க எதைப் போட்டுக் குளிச்சீங்க?”

“பாத்திரம் கழுவற சோப்பு.”

“சத்தமா சொல்லுங்க, கேக்கல.”

“பாத்திரம் கழுவற சோப்பு,” என்று அவர் ஊர் அறியக் கத்தினார். ஐந்தாவது நடைமேடை டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார். வாயை விட்டது விட்டாகிவிட்டது, இனி மென்று விழுங்கி என்ன ஆகப்போகிறது என்று பேக்கரிக்காரருக்கும் தோன்றியது. “மாவு என்னுதுதான். ஏப்ரன்ல விட்டுட்டேன். அதான் தின்னுடுச்சு.”

“தெரியும். வாடையே சொல்லிச்சு.”

“அன்னிக்கு உன்னைப் பேசாம இருன்னு சொன்னேன் பாரு,” என்று ஆரம்பித்தார். கோழியை மார்போடு இறுக்கிக்கொண்டார். பையோடு நின்ற ஒரு அம்மாள் ‘சொல்லுங்க, சொல்லுங்க’ என்பதுபோலக் கையசைத்தாள். “அது தப்பு. தப்பா சொல்லிட்டேன். பேசு.”

ஒலிபெருக்கியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் ஆறு நடைமேடைகளிலும் கேட்டது. பிறகு அவள் பழைய குரலைத் திரும்பவும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இரண்டு நாற்பதுக்கு மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பேருந்து ஐந்து நிமிடம் தாமதமாகப் புறப்படும். அறிவிப்பாளர் வந்துகொண்டிருக்கிறார்.”

பஸ்ஸில் கோழியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் இரண்டு பேரும் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேராகப் பார்க்க வெட்கமாக இருந்தது. டாக்டர் முழுக்கதையையும் கேட்டார். கோழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?” என்று சந்தேகமாகக் கேட்டார்.

இந்தத் தடவை பட்டினி ஒழுங்காக நடந்தது. பேக்கரிக்காரர் பல வருஷம் கழித்து இரண்டு நாள் லீவு போட்டார். காலையில் ஒருவர், மதியம் ஒருவர், சாயங்காலம் ஒருவர் என்று பிசைவதற்கு முறை வைத்துக்கொண்டார்கள். பேச்சு இன்னும் சரளமாகவில்லை. ‘எண்ணெய்’, ‘துணி’, ‘போதும்’ என்று ஒற்றை வார்த்தையாகவே வந்தது. புதுச் செருப்பைப் போட்டு நடப்பதுபோல ஆளுக்கு ஆள் நொண்டினார்கள். தன் பிரஷ் திரும்பி வந்து சுவரில் தொங்குவதைப் பார்த்து அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் குளியலறைத் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் கோழியின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்தார். பந்தும் இல்லை, கல்லும் இல்லை. வெறும் தோல், வெறும் இறகு. மாவு எடுத்துவிட்ட பாத்திரம் மாதிரி காலியாக இருந்தது.

“காலி,” என்றார்.

அவளும் தொட்டுப் பார்த்தாள். “காலிதான்.”

கோழி எழுந்து நின்று, உடம்பை ஒரு உதறு உதறி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் இரண்டு பேரையும் பார்த்தது. தீனி எங்கே என்று கேட்கிற பார்வை. அவள் சிரித்தாள். “மேடம், அவருகிட்ட சொல்லுங்க—” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோழியை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு நேராகத் திரும்பினாள்.

“என்னங்க,” என்றாள்.

பதினோரு மாதமாகக் கேட்காத சொல். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை, நிமிர்த்தினால் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

“தினமும் ரெண்டு மணிக்கு அந்த பெஞ்சுல எதுக்கு வந்து உக்காருறீங்க?”

“பஸ்ஸுக்கு,” என்றார்.

“நம்ம வீடு நிலையத்துக்குப் பின்னாடி. நடந்தா அஞ்சு நிமிஷம். எந்த பஸ்ஸுக்கு?”

அவர் தரையில் சிந்தியிருந்த எண்ணெயை விரலால் தேய்த்தார்.

“எல்லா அறிவிப்பும் ரெண்டு தடவைதான் சொல்லணும். நான் மூணு தடவை சொல்றேன்னு மேலாளர் எனக்கு ரெண்டு மெமோ குடுத்துட்டாரு,” என்றாள் அவள். “அந்த மூணாவது தடவை யாருக்குன்னு நினைச்சீங்க?”

அவருக்கு நன்றாகவே கேட்டது. குளியலறை சின்னது, சுவர்கள் நாலும் திருப்பிச் சொல்லின. ஆனாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

“என்ன சொன்ன? கேக்கல.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

“இன்னும் சரியா கேக்கல,” என்றார் அவர்.

கோழி பொறுமையிழந்து வாளியைக் கொத்தத் தொடங்கியது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவது தடவையும் சொன்னாள்.